பூஞ்சை உடம்பு

பிப்ரவரி 9

கண்ணாடிக்கு,

உன் அண்ணன் உனக்கு வைத்த பெயரையே நானும் எழுதுகிறேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. போனில் பேச வேண்டாம் என்று சொன்னது சொன்னதுதான். போன மாதம் வார்டு வாசலில் நீ பேசியதும் நான் பேசியதும் இன்னும் என் காதில் இருக்கின்றன. உன் குரலைக் கேட்டால் மறுபடி ஆரம்பித்துவிடுவேன். போனிலேயே கடிதமாக எழுதினால் அனுப்புமுன் ஒரு தடவை படித்துப் பார்த்து, கெட்ட வார்த்தையை எடுத்துவிடலாம்.

அவர் சொல்லித்தான் எழுதுகிறேன். "அவளுக்கு ரெண்டு வரி போடு. பாவம், அங்க உக்காந்து தலையப் பிச்சுக்கிட்டு இருப்பா" என்றார். பாவமாம். டாக்டர் என்னிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் நீ முந்திக்கொண்டு பதில் சொன்னாயே, "அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது டாக்டர்" என்று, அப்போது என்னைப் பாவம் என்று சொல்ல ஆள் இல்லை. ஓடுகிற பஸ்ஸில் அறுபது பேரைத் தினமும் மேய்க்கிற கண்டக்டர் நான். படுத்திருக்கிற ஒரு ஆளைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியாதா? அதனால்தான் சொன்னேன், நீ போய் உன் அணுக்களைப் பார், நான் என் ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று. நீ திரும்ப அந்த வார்டுக்குள் வந்தால் நான் வெளியே போய்விடுவேன் என்றும் சொன்னேன். அதையும் மாற்றிக்கொள்ளவில்லை.

சேதிக்கு வருகிறேன். புற்றுநோய் மருந்து இரண்டாவது சுற்று முடிந்துவிட்டது. வெள்ளையணு கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லையாம். இப்படித்தான் ஆகும், எதிர்பார்த்ததுதான் என்றார் பெரிய டாக்டர். "அப்ப டிப்போல ஒரு வண்டிகூட இல்லைன்னு சொல்லுங்க" என்றார் உன் அண்ணன். டாக்டர் சிரித்துவிட்டார். பஸ்ஸை விட்டு இறங்கியும் ஓட்டுநர் புத்தி போகவில்லை.

கொஞ்சம் காய்ச்சல் இருக்கிறது. கையில் ஊசி குத்த நரம்பே மிச்சமில்லை. எல்லாம் அந்தக் கழுத்தெலும்புக்குக் கீழே போட்ட குழாய் வழியாகத்தான் போகிறது. அதைப் போடும்போது அவர் பட்ட பாட்டை நீயும் பார்த்தாய்.

வெள்ளையணு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் உன்னைக் கேட்கச் சொன்னார். அது என்னதான் வேலை செய்கிறது? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. தெரியாதவள் கேட்கிறேன்.

அண்ணி

&nbsp;

பிப்ரவரி 11

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வுக்கூடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். நகர்ந்து வழி விடவேண்டும் என்று தோன்றவே இல்லை.

அந்த வாக்கியத்தை நான் சொன்னது உண்மை. பயந்தால் நான் நிறையத் தெரிந்தவளாகிவிடுகிறேன். அன்று மிகவும் பயந்திருந்தேன். இதைக் காரணமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அண்ணன் கேட்டதற்கு. என் வேலை அதைப் பார்ப்பதுதான். உடம்புச் சூட்டில் வைத்த ஒரு சின்னக் கண்ணாடித் தட்டில் யாரோ கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளையணுக்களை விட்டு, அவற்றோடு கிருமிகளையும் விட்டு, நுண்ணோக்கி வழியாக நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எலும்புக்குள் பிறந்து ரத்தத்துக்கு வருகிறவை அவை. ரத்தத்துக்கு வந்தபின் ஒரு நாள் இருந்தால் அதிகம். கிருமியின் மேல்தோலிலிருந்து கசிகிறதை மோப்பம் பிடித்துக்கொண்டு நகரும். வழியில் சிவப்பணுக்கள் நின்றால் இடித்துத் தள்ளிக்கொண்டு போகும். கூட்டத்தில் நீங்கள் பஸ்ஸின் முன்பக்கம் போவீர்களே, கிட்டத்தட்ட அப்படி. கிருமியை எட்டிப் பிடித்ததும் தன் உடம்பாலேயே அதைச் சுற்றி மூடி, உள்ளே வைத்து விஷம் பாய்ச்சிக் கொல்லும். பிறகு தானும் செத்துப்போகும்.

வண்டி இல்லைதான், ஆனால் டிப்போ இருக்கிறது என்று அண்ணனிடம் சொல்லுங்கள். எலும்புக்குள் புதியவை தயாராகிக்கொண்டிருக்கின்றன. அவை வரும்வரை எந்தக் காய்ச்சலையும் சின்னக் காய்ச்சல் என்று நினைக்க வேண்டாம்.

நான் வரட்டுமா என்று கேட்கமாட்டேன். நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது.

தங்கை

&nbsp;

பிப்ரவரி 14

கண்ணாடிக்கு,

பஸ் உதாரணத்தைக் கேட்டு அவர் சிரித்தார். "விசில், உன்ன வெள்ளையணு ஆக்கிட்டா பாரு" என்றார். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

இப்போது ஒரு சங்கதி. காய்ச்சல் விடவில்லை. நேற்றுப் பெரிய டாக்டர் லீவு. அவருக்குப் பதிலாக ஒரு புது டாக்டர் வந்தார். சின்ன வயசு. முகமூடிக்குள்ளேயே பேசுகிறார், பாதி வார்த்தையை விழுங்கிவிடுகிறார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததாம், ரத்தம் பூஞ்சையாக இருக்கிறதாம். நான் சொன்னேன்: "அது பொறந்ததுலேருந்தே அப்படித்தான் டாக்டர். பூஞ்சை உடம்பு, பூஞ்சை உடம்புன்னு என் மாமியார் சொல்லிக்கிட்டே இருப்பாங்க." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம், அதனால் கழுத்துக்குக் கீழே இருக்கிற குழாயை எடுத்துவிட வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்.

எனக்கு இது பிடிபடவில்லை. ரத்தம் பூஞ்சையாக இருந்தால் நல்ல ரத்தம் ஏற்றுவார்களா, இருக்கிற ஒரே குழாயையும் பிடுங்குவார்களா? பிறகு எது வழியாக ஏற்றுவது? மறுபடி அவரைப் படுக்கவைத்துக் குத்துவார்களா? நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். "லேட் பண்ணாதீங்கம்மா" என்றார். எல்லா டாக்டரும் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்கிறார்கள்.

உன்னிடம் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். எடுக்கவிடலாமா, வேண்டாமா?

அண்ணி

&nbsp;

பிப்ரவரி 14

அண்ணிக்கு,

உடனே எழுதுகிறேன். வேண்டாம், எடுக்கவிடாதீர்கள்.

நீங்கள் யோசித்தது முழுக்கச் சரி. இந்த மருந்து வெள்ளையணுவை மட்டும் குறைக்காது, ரத்தத்தையே பலவீனமாக்கும். சிவப்பணுவும் குறையும், ரத்தத்தை உறையவைக்கும் அணுவும் குறையும். அதற்கு ரத்தம் ஏற்றவேண்டும். ஏற்றுவதற்குத்தான் அந்தக் குழாய். உறையவைக்கும் அணு குறைந்திருக்கும்போது புதுக் குழாய் குத்தினால் ரத்தப்போக்கு ஏற்படலாம். புது டாக்டர் ஏதோ பயத்தில் சொல்கிறார் என்று நினைக்கிறேன். பெரிய டாக்டர் வரட்டும். யாராவது வற்புறுத்தினால், ரத்த அணு ஆராய்ச்சியில் இருக்கிற தங்கை வேண்டாம் என்கிறாள் என்று சொல்லுங்கள்.

நீங்கள் என்னைக் கேட்டது எனக்குப் பெரிய விஷயம்.

பூஞ்சை உடம்பு என்று படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். மழையில் இரண்டு பேரும் நனைந்து வந்தால் அம்மா அவன் தலையை மட்டும் துவட்டுவாள். "அவன் பூஞ்சை உடம்புடி, தாங்க மாட்டான். உனக்கென்ன, நீ கல்லு" என்பாள். அவன் துண்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்து நாக்கை நீட்டுவான்.

தங்கை

&nbsp;

பிப்ரவரி 17

கண்ணாடிக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். குழாய் இருக்கிறது. புது டாக்டர் மூன்று தடவை வந்து கேட்டார். உன் கடிதத்தைக் காட்டி, தங்கை வேண்டாம் என்கிறாள் என்றேன். "அவங்க டாக்டரா?" என்றார். "டாக்டருக்கெல்லாம் டாக்டர்" என்றேன். அவர் கட்டிலின் கால்மாட்டில் தொங்குகிற தாளில் எதையோ எழுதிவிட்டுப் போனார். அப்படிச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆனால் அவர் நன்றாக இல்லை. புதிதாக ஒரு டிரிப் போடுகிறார்கள். மஞ்சளாக இருக்கிறது. வெளிச்சம் படக்கூடாதாம், பைக்குக் கறுப்பு உறை மாட்டியிருக்கிறார்கள். அது ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. கட்டில் தடதட என்று ஆடுகிறது. இரண்டு நர்ஸ்கள் பிடித்துக்கொண்டார்கள், நான் காலைப் பிடித்துக்கொண்டேன். பல் கிட்டிக்கொண்டே, "ஸ்டார்ட் ஆகாத வண்டி மாதிரி உதறுது, இல்ல?" என்றார். நான் காலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன்.

கண் டாக்டர் ஒரு அம்மா வந்து விளக்கடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணும் சுத்தமாக இருக்கிறது என்றார். ரத்தம் பூஞ்சையாக இருப்பதற்குக் கண்ணை எதற்குப் பார்க்கிறார்கள்?

அண்ணி

&nbsp;

பிப்ரவரி 17

அண்ணி,

குழாயை எடுக்கச் சொல்லுங்கள். இந்த நிமிஷமே கையெழுத்துப் போடுங்கள்.

உங்களுக்குப் போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குச் செய்தேன். அந்தப் புது டாக்டரே பேசினார். "ரத்தத்துல பூஞ்சை வளருதுன்னு அவங்ககிட்ட தெளிவாச் சொன்னேனே. நீங்கதானே எடுக்க வேண்டாம்னு எழுதினது?" என்றார். ஆமாம் என்றேன்.

அவர் சொன்ன பூஞ்சை நம் வீட்டுப் பூஞ்சை இல்லை. பலவீனம் என்று அர்த்தம் இல்லை. பூசணம். பழைய ரொட்டியில் பூக்குமே, அந்த இனம். அது அண்ணன் ரத்தத்தில் வளர்கிறது. வெளிச்சம் படாமல் கறுப்பு உறைக்குள் ஏறுகிற மஞ்சள் மருந்து என்று படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அது பூஞ்சைக்கான மருந்து. அது ஏறினால் உடம்பு அப்படித்தான் நடுங்கும். ரத்தத்தோடு அது கண்ணுக்குள்ளும் போகலாம், கண்ணைப் பார்த்ததும் அதற்காகத்தான்.

அந்தக் குழாயின் உட்சுவரில் அது பாசி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் படலத்துக்குள் மருந்து சரியாக இறங்காது. குழாய் வழியாக எது போனாலும் அதில் கொஞ்சம் பிய்ந்து கூடவே போகும். ஒவ்வொரு தடவையும்.

முதலில் கையெழுத்து. திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை

&nbsp;

பிப்ரவரி 18

எடுத்துவிட்டார்கள். காலில் ஒரு நரம்பைத் தேடிக் கண்டுபிடித்து ஊசி போட்டிருக்கிறார்கள். பெரிய டாக்டர் திரும்பி வந்து தாளைப் படித்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

பூசணம் என்று சொல்ல அந்த ஆளுக்கு வாய் இல்லையா? பூசணம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே கையெழுத்துப் போட்டிருப்பேன். ஒரு மூலையில் பூத்திருந்தாலும் முழு ரொட்டியையும் தூக்கிப் போடுகிறவள் நான். பூஞ்சை என்றால் எனக்கு என்ன தெரியும்? உங்கள் வீட்டில் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து உங்கம்மா வாயில் கேட்ட வார்த்தை அது.

எனக்குத் தெரியாது. சரி. நீ? காலை முதல் மாலை வரை அதோடுதானே இருக்கிறாய்? உன் தட்டில் விடுகிற கிருமி அதுதானே? சிரித்தேன் என்று எழுதினாயே.

உன் எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அந்த டாக்டரோடு சண்டை போட்டேன்.

இன்னொன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். அது எங்கேயிருந்து வந்தது? கண்ட கண்ட காசை வாங்கிப் போடுகிற கை இது. இந்தக் கையால்தான் அவருக்கு ஊட்டினேன். நான் கொண்டுவந்ததா?

அண்ணி

&nbsp;

பிப்ரவரி 20

அண்ணிக்கு,

முதலில் உங்கள் கை. இல்லை. உங்கள் கையிலிருந்து வரவில்லை என்று பெரிய டாக்டரும் சொல்வார், கேளுங்கள். அந்தப் பூஞ்சை நம்மில் பெரும்பாலானோர் குடலிலும் தோலிலும் சும்மா குடியிருக்கிறது. உங்களிடம் இருக்கும், என்னிடம் இருக்கும். அதை அதன் இடத்திலேயே வைத்திருப்பவை வெள்ளையணுக்கள். அண்ணனுக்கு அவை இல்லாமல் போயின, மருந்தில் குடல் புண்ணானது, உடம்புக்குள் ஒரு குழாயும் இருந்தது. அதற்கு வழி திறந்துவிட்டது. அவ்வளவுதான்.

இனி நான். ஆமாம், என் தட்டில் விடுகிற கிருமி அதுதான். ஆனால் இங்கே யாரும் அதைத் தமிழில் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை. பூஞ்சை என்ற சொல் என்னிடம் அம்மாவின் குரலில் மட்டும்தான் இருக்கிறது, ஈரத் துண்டோடு. உங்கள் கடிதத்தில் அதைப் பார்த்ததும் என் வேலை எனக்கு ஞாபகமே வரவில்லை, வீடு ஞாபகம் வந்தது. அதோடு, நீங்கள் என்னிடம் கேட்டுவிட்டீர்கள் என்ற சந்தோஷம். நிதானமாக இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டியவள் முழுசாகப் பதில் சொன்னேன்.

நீங்கள் கேட்காததையும் எழுதவேண்டும். அந்தப் பூஞ்சைக்கு இரண்டு உருவம். உருண்டையாக இருக்கும்போது வெள்ளையணு அதை விழுங்கிவிடும். உடம்புக்குள் தங்கிவிட்டால் அது நூலாக நீள ஆரம்பிக்கும். நூல் நீண்டுவிட்டால் ஒரு வெள்ளையணுவால் அதை விழுங்க முடியாது. பல சேர்ந்து மொய்க்கும். சில, வேறு வழி இல்லாமல், தங்களையே கிழித்துக்கொண்டு உள்ளே இருக்கிற இழையையெல்லாம் வெளியே வலையாக வீசும். தாம் உருவாவதற்கான குறிப்பு எழுதியிருக்கிற மரபணு இழை அது. பூஞ்சை அதில் சிக்கும். ஆனால் அந்த வலையில் விஷமும் இருக்கிறது. அது பூஞ்சை என்றும் சொந்தத் தசை என்றும் பார்ப்பதில்லை. இதை முதல்முறை பார்த்த அன்று நான் இருக்கையை விட்டு எழுந்து வெளியே போய்விட்டேன்.

அதனால் இதைக் கேளுங்கள். அண்ணனின் வெள்ளையணுக்கள் திரும்பி வரும் நாள் நல்ல நாள். அவனைப் பிழைக்கவைக்கப்போவது அவைதான், மருந்து மட்டும் இல்லை. ஆனால் அன்றைக்கே காய்ச்சல் கூடலாம். கண் சுத்தம் என்றார்கள் இல்லையா, சண்டை போட ஆளே இல்லாத இடம் சுத்தமாகத்தான் தெரியும். எண்ணிக்கை ஏறியதும் கண்ணை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

மன்னிப்பைக் கடிதத்தில் கேட்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

தங்கை

&nbsp;

பிப்ரவரி 26

கண்ணாடிக்கு,

வண்டி கிளம்பிவிட்டது!

நேற்று முதல் எண்ணிக்கை ஏறுகிறது. இன்று நேற்றைவிட இரண்டு மடங்கு. நர்ஸ் வந்து சொன்னதும் நான் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டேன். ரத்தத்தில் பூஞ்சையும் இப்போது வளரவில்லையாம். புது டாக்டர்கூட என்னைப் பார்த்துத் தலையாட்டினார். உன் அண்ணன் அரை ரொட்டி சாப்பிட்டார், நானே பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தேன், பயப்படாமல்.

நீ சொன்ன மாதிரியே காய்ச்சல் கொஞ்சம் கூடியிருக்கிறது. உன் வாயிலிருந்து நல்லது மட்டும் ஒருநாளும் வராது போல. இருந்தாலும் கண்ணைப் பற்றிக் கேட்டேன். நாளைக்கு அந்த அம்மா வருவாராம்.

இதை எழுதி முடிக்கிற நேரத்தில் அவர் என்னைக் கூப்பிட்டு, ஜன்னல் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னார். ஈரத்துணியால் துடைத்தேன். "இன்னும் புகையா இருக்கே" என்றார். வெளிப்பக்கம் அழுக்கு போல என்றேன்.

வெளிப்பக்கம் அழுக்கே இல்லை.

அண்ணி

&nbsp;

மார்ச் 9

கண்ணாடிக்கு,

நடுவில் நீ அனுப்பியதற்கெல்லாம் பதில் போட முடியவில்லை. கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். முதல் ஊசிக்கு நான் கூட நின்றேன். இரண்டாவதற்கு நிற்க முடியவில்லை. அப்புறம் அறுவை. கண்ணுக்குள் பஞ்சு உருண்டை மாதிரி வெள்ளை வெள்ளையாக மிதந்ததாம், அந்த அம்மா படம் காட்டினார். பூஞ்சை பாதி, அதைத் தின்ன வந்த வெள்ளையணு பாதி என்றார். எவ்வளவு ஆசையாக எதிர்பார்த்தோம் அவற்றை.

இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது. முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினால் ஏதோ ஆடுகிறது என்கிறார். எத்தனை விரல் என்று தெரியவில்லை. இதற்கு மேல் வராது என்று சொல்லிவிட்டார்கள். ரத்தப் புற்று அடங்கியிருக்கிறது, ஆள் பிழைத்துவிட்டார், அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம் என்று பெரிய டாக்டர் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. டிப்போவிலிருந்து இரண்டு ஓட்டுநர்கள் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் ரோடு, டிராபிக், புது வண்டி என்று பேச ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "ஏன்டா நிறுத்திட்டீங்க, பேசுங்கடா" என்றார் இவர்.

நேற்று என்னைக் கேட்டார். குழாயை முதலிலேயே எடுத்திருந்தால் கண்ணுக்குப் போயிருக்காதா என்று. போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர் என்றேன். அப்படித்தான் சொன்னார்.

"எடுக்க வேணாம்னு சொன்னது யாரு?"

"நான்தான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. வாயில் வந்தது. உன்மேல் பாசத்தில் இல்லை.

அவர் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "நீன்னா பரவாயில்ல. உனக்குத் தெரியாது, தெரியாமச் சொன்ன. அவ சொல்லியிருந்தா என்னால பொறுத்துக்க முடியாது. அவளுக்குத் தெரியும்ல?"

நீ வார்டில் என்னைச் சொன்ன அதே வார்த்தை. அவர் சொன்னால் வலிக்காது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. நீயும் சொல்லாதே. அவருக்கு இருப்பது ஒரே தங்கை.

அண்ணி

&nbsp;

மார்ச் 12

அண்ணி,

கீழே இருப்பது அண்ணனுக்கு. நீங்கள்தான் வாசித்துக் காட்டவேண்டும். எந்த இடத்திலும் நிறுத்தாதீர்கள், எதையும் விட்டுவிடாதீர்கள். உங்களைச் சுமக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்காமல் நீங்கள் தூக்கிக்கொண்டதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது.

அண்ணனுக்கு,

இதை உனக்கு வாசிப்பது அண்ணி. எழுதியது நான்.

குழாயை எடுக்க வேண்டாம் என்று சொன்னது அண்ணி இல்லை. எடுக்கலாமா என்று என்னிடம் கேட்டாள். நான்தான் வேண்டாம் என்று எழுதினேன். டாக்டர் மூன்று தடவை கேட்டபோதும் என் எழுத்தைக் காட்டித்தான் மறுத்தாள். ரத்தம் பூஞ்சையாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள். அதை நான் அம்மா சொல்கிற பூஞ்சை என்று எடுத்துக்கொண்டேன். அவளுக்கு அந்தச் சொல்லின் இன்னோர் அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நினைக்கவில்லை.

முன்பே எடுத்திருந்தால் கண் தப்பியிருக்குமா என்று நீ கேட்டாயாம். இத்தனை நாளாகக் கட்டுரை கட்டுரையாகத் தேடினேன். தப்பியிருக்க வாய்ப்பு கூடுதல் என்பதுதான் பதில். எவ்வளவு கூடுதல் என்று யாருக்கும் தெரியாது. சின்ன வயதில் உன்னிடம் பொய் சொன்னால் என் காது சிவக்கும் என்று கண்டுபிடித்தவன் நீ. இப்போது உன்னால் என் காதைப் பார்க்க முடியாது என்பதால் இதைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

உன் உடம்பு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. வந்த அணுக்கள் தெரிந்த வழியில் சண்டை போட்டன. தவறியது நான்.

என்னோடு பேசவேண்டாம் என்றால் பேசாதே. அண்ணியோடு பேசு.

தங்கை

&nbsp;

மார்ச் 15

கண்ணாடிக்கு,

வாசித்தேன். வீட்டுக்கு வந்த மறுநாள், அவரைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, ஸ்டாப் பெயர் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி, ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன்.

குழாய் வரைக்கும் வந்தபோது, "இரு" என்றார். "நீ வாசிக்கிறியா, நீயாச் சொல்றியா?"

வாசிக்கிறேன் என்றேன்.

"அன்னிக்கு நான்தான்னு சொன்ன. இன்னிக்கு அவதான்னு சொல்ற. எது பொய்?"

அன்றைக்குச் சொன்னதுதான் பொய் என்றேன். "எனக்குக் கண்ணு தெரியலைன்னதும் என் தங்கச்சி மேல தூக்கிப் போடுறியா?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். போனை அவர் கையில் கொடுத்து, பாருங்கள் என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது, பாருங்கள் என்று. அவர் கட்டைவிரலால் அந்தத் திரையைத் தடவினார். மேலிருந்து கீழே, மறுபடி மேலே. "வழுவழுன்னு இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்லவா என்றேன். ஊரைக் கூட்டாதே என்றார். அவளையே போனில் கேளுங்கள் என்றேன். "நீ சொல்லிக் குடுத்தா அவ உனக்காகச் சொல்லுவா. வந்து எம்முன்னால உக்காந்து சொல்லட்டும்" என்றார். மிச்சத்தையும் வாசித்து முடித்தேன், நீ நிறுத்தாதே என்று எழுதியிருந்ததால். கேட்டாரா என்று தெரியாது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இது அந்த ஒரு கடிதத்தோடு முடியவில்லை. இன்று காலை மருந்துச் சீட்டை வாசித்து மாத்திரையைக் கொடுத்தால், "அப்படியா போட்டிருக்கு?" என்கிறார். மணி பார்த்துச் சொன்னால் கொஞ்ச நேரம் கழித்து ரேடியோவைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்கிறார். சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்று நான் சொன்னபிறகு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறார். இனி அவருக்கு இந்த உலகம் என் வாய் வழியாகத்தான் வரவேண்டும். அந்த வாயை அவர் நம்பவில்லை.

நீ நேரில் வந்து சொன்னால் நம்புவார். நம்பிவிட்டால் உன்னோடு பேசமாட்டார். ஒரு வருஷமோ, எப்போதுமோ. அவரை எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அது தெரிந்தேதான் உன்னை வரச் சொல்கிறேன். அவருக்கு இருப்பது ஒரே தங்கை என்று போன கடிதத்தில் பெரிய மனசோடு எழுதினேன். அந்த மனசு எனக்கு இல்லை என்று இந்த இரண்டு நாளில் தெரிந்துவிட்டது.

டிக்கெட் போட்டதும் என்றைக்கு என்று எழுது. நிலையத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். வழியில் நாம் ஒன்றும் பேசிக்கொள்ள வேண்டாம். என்மேல் கோபப்பட்டாலும் பட்டுக்கொள். நான் இந்த ஆளோடு இன்னும் எத்தனையோ வருஷம் குடும்பம் நடத்தியாக வேண்டும்.

அண்ணி